இல்லாத பக்கத்தின் பேராசிரியர்

பேராசிரியர் பெர்த்ரான் சொவாஜோ தம் வாழ்க்கையின் நல்ல பகுதி முழுவதையும் ஒரு பக்கத்துக்குக் கொடுத்தார். அந்தப் பக்கம் கிடையாது. கிழிந்து போனதா, எலி தின்றதா, அப்படி ஒன்று இருந்ததே இல்லையா என்பது கடவுளுக்கும் பாரிஸிலிருந்த பேராசிரியை மதாம் சொலாஞ் மொபேருக்கும் மட்டுமே தெரியும். அதிலும் கடவுளுக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்திருக்கலாம், மதாம் மொபேருக்கு இருந்ததில்லை.

விஷயம் இதுதான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பெயர் தெரியாத ஒருவன் 'புனிதரின் விரல்' என்று ஒரு வேடிக்கைக் கதையைச் செய்யுளில் எழுதி வைத்துவிட்டுச் செத்துப்போனான். அதில் ஒரு துறவி. தவக்காலம். இறைச்சி ஆகாது. அவன் பசி தாங்காமல் மடத்துச் சமையலறையில் பன்றிக்குடலில் இறைச்சி அடைத்த ஒரு குடல் சாசேஜைத் திருடுகிறான். மடத்துத் தலைவர் வரும் காலடி கேட்கிறது. துலக்குவதற்காகக் கையருகே வைத்திருந்த வெள்ளிப் பேழைக்குள் அதைப் போட்டு மூடிவிடுகிறான். அந்தப் பேழையில் இருக்க வேண்டியது ஒரு புனிதரின் விரல் எலும்பு. மறுநாள் திருவிழா. ஊரே வந்து பேழையை முத்தமிடுகிறது. நொண்டி நடக்கிறான், ஊமை பேசுகிறான், பேசிய ஊமையின் வாயை மூட முடியாமல் அவன் மனைவி தவிக்கிறாள். எல்லாரும் போன பிறகு துறவி பசியோடு வந்து பேழை முன்னால் நிற்கிறான். மூடியைத் திறக்கிறான். அவ்வளவுதான், ஏடு முடிந்துவிடுகிறது.

தின்றானா, தின்னவில்லையா?

தின்னவில்லை என்றார் சொவாஜோ. கடைசிப் பக்கம் தொலைந்துவிட்டது, அதில் அவன் மண்டியிட்டு அழுகிறான், சாசேஜ் என்பது இங்கே ஆன்மாவின் உருவகம் என்று இரண்டு பெரிய தொகுதிகளில் நிறுவினார். இரண்டாம் தொகுதியைக் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க அண்டை கொடுக்கலாம், அவ்வளவு கனம். ஒரு பக்கமும் தொலையவில்லை, எழுதியவன் வேண்டுமென்றே அங்கே நிறுத்தினான், சாசேஜ் சாசேஜ்தான் என்றார் மதாம் மொபேர். அவர் புத்தகம் சின்னது. அதுதான் சொவாஜோவுக்கு இன்னும் கோபம். கருத்தரங்குகளில் இருவரும் சந்தித்தால், ஒருவர் பேசி முடித்ததும் மற்றவர் கை தூக்குவார். எனக்குக் கேள்வி எதுவும் இல்லை, ஒரு சிறு குறிப்பு மட்டும் என்பார். அந்தச் சிறு குறிப்பு முடிவதற்குள் காபி இடைவேளை போய்விடும். பாதிப் பேர் அதைப் பார்க்கவென்றே வருவார்கள்.

சொவாஜோ பாடம் நடத்தியது வெர்பிலோவில். பழைய புகையிலைத் தொழிற்சாலையைப் பல்கலைக்கழகக் கிளை ஆக்கியிருந்தார்கள். மழை நாளில் வகுப்பறைச் சுவர்கள் இன்னும் சுருட்டு மணக்கும். வெப்பக் குழாய் வேலை செய்த ஒரே அறையை அவர் பிடித்துக்கொண்டது சாமர்த்தியம். பனிக்காலத்தில் அவர் வகுப்புக்குக் கூட்டம் குறைந்ததே இல்லை. வசந்தம் வந்தால்தான் யார் இலக்கியத்துக்காக வந்தவர்கள் என்று தெரியும். மூன்று பேர், நாலு பேர் மிஞ்சுவார்கள்.

ஆனால் மிஞ்சியவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர் அந்தப் பழைய பிரெஞ்சை வாய்விட்டுப் படிக்கும்போது அறை மாறிவிடும். துறவிக்கு ஒரு குரல், தலைவருக்கு ஒரு குரல், சமையற்காரிக்கு மூக்கால் ஒரு குரல். மேசையைப் பேழையாக வைத்து, சட்டைப்பையிலிருந்து கண்ணாடிக் கூட்டை எடுத்துச் சாசேஜாக ஒளிப்பார். பிள்ளைகள் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் ஆன்மாவின் உருவகத்தை எடுத்து அவர்கள் தலையில் போடுவார், அத்தோடு சிரிப்பு நிற்கும்.

இன்னொன்றில் அவர் கறார். எந்தக் கட்டுரையும் மூன்று பாகமாக இருக்க வேண்டும். முதலில் ஒன்றைச் சொல், இரண்டாவதில் அதையே உடை, மூன்றாவதில் இரண்டுக்கும் மேலே ஏறி நில். அந்த நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லாருக்கும் இது தாய்ப்பாலோடு வந்ததுதான். ஆனால் அவர் வீட்டிலும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை கோழியா மீனா என்று மனைவி ஒதீல் கேட்டால், முதலில் கோழிக்காகப் பேசுவார், பிறகு கோழியைக் கண்டிப்பார், அவர் மூன்றாவதுக்கு வருவதற்குள் அந்த அம்மாள் முட்டை அடித்து ஊற்றியிருப்பார்.

ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கும்போது துறைத் தலைவி மதாம் திபோ அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். இனிமையான பெண்மணி. கெட்ட செய்தியைப் பூங்கொத்து மாதிரிதான் நீட்டுவார். அவருக்குப் பிறகு அந்த இடம் அப்படியே தொடராது, சுற்றுலா விளம்பரத்துக்கு ஒரு ஆசிரியரைப் போடப்போகிறார்கள் என்றார். இடைக்கால இலக்கியம் வெர்பிலோவில் அவரோடு முடிகிறது.

சொவாஜோவுக்குத் தாம் ஓய்வு பெறுவதில் வருத்தமில்லை. எழுத மூன்றாம் தொகுதி இருந்தது. ஆனால் அந்தச் செய்யுளை அந்த ஊரில் இனி யாரும் வாய்விட்டுப் படிக்க மாட்டார்கள் என்பதைத்தான் தாங்க முடியவில்லை. வேறு வழியே இல்லையா என்று கேட்டார்.

மதாம் திபோ கொஞ்சம் யோசித்தார். "ஊர்க்காரங்க கைகொடுத்தா வழி இருக்கு, பெர்த்ரான். நகராட்சி, வட்டாரக் கவுன்சில், இவங்க ரெண்டு பேரும் பாதிச் சுமையை எடுத்துக்கிட்டா அந்த இடத்தை நான் காப்பாத்திடுவேன். மேயரைப் போய்ப் பாருங்க. உங்களுக்கு அவரைப் பிடிக்காதுன்னு தெரியும். அவருக்கும் அது தெரியும்."

பிடிக்காததற்குக் காரணம் இருந்தது. மேயர் லூசியான் கோதார் ஊரின் பெரிய பன்றிக்கறிக் கடைக்காரர். அதோடு வெர்பிலோ குடல் சாசேஜ் சகோதரர் சபையின் பெரிய குரு. சபையினர் கருஞ்சிவப்பு வெல்வெட் அங்கி போட்டு, கழுத்தில் வெள்ளிப் பன்றிமூக்குத் தொங்கவிட்டு, வருடா வருடம் ஜூன் மாதம் ஊர்வலம் வருவார்கள். எண்ணூறு வருட மரபு என்று விளம்பர அட்டையில் போட்டிருக்கும். நெடுஞ்சாலை ஊரைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்த வருடம் கோதாரின் அப்பா தொடங்கிய சபை அது என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. சொவாஜோ ஒருமுறை உள்ளூர்ப் பத்திரிகையில் சொன்னார். அந்தக் காலத்தில் உருளைக்கிழங்கே கிடையாது, திருவிழாவில் வறுத்த உருளைக்கிழங்கு எப்படி வந்தது என்றும் கேட்டு வைத்தார். அதற்குப் பிறகு கோதார் கடையில் அவர் வீட்டுக்கு எப்போதும் கொழுப்புத் துண்டாகவே வந்தது.

மேயர் அவரைச் சாப்பிட அழைத்தார். அங்கே எந்த விஷயமும் சாப்பாட்டுக்கு முன்னால் பேசப்படாது, கடைசியில் பாலாடைக்கட்டி வரும்போதுதான் வாய் திறப்பார்கள். அதுவரை சொவாஜோ குடல் சாசேஜைக் கத்தியால் நகர்த்தி, கீரைக்கு அடியில் புதைத்துக்கொண்டிருந்தார். சாசேஜைப் பற்றி ஆயிரத்துச் சொச்சம் பக்கம் எழுதியவர், அதன் வாடைக்கே ஜன்னல் திறப்பவர்.

"ப்ரொபசர், ஒளிச்சு வைக்காதீங்க, நான் கறிக்கடைக்காரன், எது எங்க இருக்குன்னு தெரியும்" என்றார் மேயர். "சரி, விஷயத்துக்கு வருவோம். உங்க பாட்டுல வர்ற சாசேஜ் எங்க ஊர் சாசேஜ்தானே?"

அந்தச் செய்யுள் வடக்குச் சமவெளியில் எழுதப்பட்டது, கவிஞன் பேச்சில் அந்த மண் ஒட்டியிருக்கிறது, இதை நிறுவித்தான் முனைவர் பட்டமே வாங்கினேன் என்று சொவாஜோ விளக்கினார். மேயர் பொறுமையாகக் கேட்டார்.

"பட்டம் வாங்கியாச்சு இல்ல? யாரும் திருப்பிக் கேக்கப் போறதில்ல. ஜூன் திருவிழாவுக்கு வாங்க. பீப்பாய் மேல ஏறி நின்னு, ஊர் முன்னால நான் கேக்கறதுக்கு ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. வட்டாரக் கவுன்சில்காரர் அங்கேயே கையெழுத்துப் போடுவாரு. உங்களுக்கு அப்புறமும் அந்தப் பேராசிரியர் நாற்காலி இருக்கும்."

சபையில் சேர்கிற யாருக்கும் அதுதான் முறை. பெரிய குரு ஒரு கேள்வி கேட்பார், ஒரே வார்த்தையில் பதில் சொல்ல வேண்டும், பிறகு சாசேஜைக் கடித்து, வெள்ளை ஒயின் குடித்து, திராட்சைக் கொடியால் இரு தோளிலும் தட்டு வாங்கவேண்டும்.

சொவாஜோ வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பொய் சொல்வதா என்று கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தார். ஒதீல் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவர். நேர்வழியில் யோசிக்கும் பழக்கம் அவருக்கு உண்டு.

"காணாமப் போன பக்கத்துல அந்தத் துறவி அழுதான், மண்டி போட்டான், வானத்துலேர்ந்து வெளிச்சம் வந்ததுன்னு எல்லாம் நீங்களே எழுதினீங்க" என்றார் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே. "அத்தனையும் நடக்கற பக்கத்துல நம்ம ஊர்ப் பேரும் ஒரு ஓரமா இருந்திருக்கலாம்னு சொன்னா இடம் பத்தாமப் போயிடுமா?"

சொவாஜோ நின்றுவிட்டார். இருந்திருக்கலாம். இருந்திருக்க முடியாது என்று யாராலும் நிறுவ முடியாது. இது பொய் இல்லை, கருதுகோள். அன்று மாலை கோழி முழுதாக ஒன்று சாப்பிட்டார். மறுநாளே போய், வெறும் 'ஆமா'வோடு நிற்காமல் அதற்கு முன்னால் ஒரு சிற்றுரையும் ஆற்ற அனுமதி வாங்கிக்கொண்டார். மேயருக்கு அது இன்னும் பிடித்துப்போனது. சும்மா இருக்காமல், பாரிஸிலிருந்தும் ஒரு பெரிய ஆள் வந்தால் பத்திரிகைக்கு நன்றாயிருக்கும் என்று விசாரித்து, இந்தச் செய்யுளில் புலி என்று கேள்விப்பட்டு, மதாம் மொபேருக்கு அழைப்பு அனுப்பிவிட்டார்.

செய்தி கேட்டுச் சொவாஜோ படுத்துவிட்டார். அந்த அம்மாள் வந்தால் கூட்டத்தில் கை தூக்குவார். எனக்குக் கேள்வி இல்லை, ஒரு சிறு குறிப்பு மட்டும் என்பார். நாற்காலி அத்தோடு போயிற்று.

இருந்தாலும் மரியாதை மரியாதைதானே, திருவிழா அன்று காலை ரயிலடிக்குக் காரை எடுத்துக்கொண்டு போனார். மதாம் மொபேர் சிறு பெட்டியோடு இறங்கினார். குச்சி போன்ற உடம்பு, ஆண்பிள்ளைக் காலணி. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காரில் உட்கார்ந்தார்.

"என் இடத்தையும் எடுத்துட்டாங்க" என்றார் மதாம் மொபேர், ஜன்னலைப் பார்த்தபடி. "போன இலையுதிர் காலத்துல. இப்ப அந்த அறையில நிறுவன மேலாண்மை சொல்லித் தர்றாங்க. என் கரும்பலகையைக்கூடக் கழட்டிட்டாங்க."

சொவாஜோவுக்கு ஆறுதல் சொல்லிப் பழக்கமில்லை. அதனால் செய்யுளின் கடைசி ஏட்டில் தையல் நூல் தொங்குகிறதே, அது பக்கம் கிழிந்ததற்கு அடையாளமில்லையா என்று ஆரம்பித்தார். மதாம் மொபேரும் நன்றியோடு சண்டை பிடித்தார். சந்தைத் திடல் வரும் வரைக்கும் இருவருக்கும் பொழுது நன்றாகப் போயிற்று.

திடல் நிறைந்திருந்தது. தகர வாள்கள், கித்தான் கூடாரங்கள், நெகிழித் தலைக்கவசம் போட்டு வீரன் வேடத்தில் நின்ற பல் மருத்துவர். பெரிய இரும்புத் தட்டுகளில் சாசேஜ் பொரிந்து, புகை தேவாலயக் கோபுரம் வரை போனது. மேடையில் பீப்பாய். பக்கத்தில் மேசை, அதில் ஒப்பந்தம். அதன் முன்னால் பேனாவின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு வட்டாரக் கவுன்சில்காரர். மதாம் திபோ முன்வரிசையில் விரலைக் கோத்து உட்கார்ந்திருந்தார்.

சொவாஜோவுக்கு அங்கி மாட்டினார்கள். அது நீளம். பீப்பாய் மேல் ஏறும்போது முன்பக்கம் மிதிபட்டு ஒரு குட்டிக்கரணம் மயிரிழையில் தப்பியது. மைக்கைப் பிடித்தார்.

முதல் பாகம் அபாரம். பழைய மடங்கள், பன்றி மேய்ந்த ஓக் காடுகள், யாத்திரிகர் வந்த பாதை எல்லாம் வெர்பிலோவைச் சுற்றியே அமைந்தன. துறவியின் குரலில் பேசினார், சமையற்காரிக்கு மூக்கால் பேசினார். பிறகு அந்தத் தொலைந்த பக்கத்தை எடுத்தார். இல்லாத பக்கத்தை அவர் இரு கையிலும் விரித்துப் பிடித்த விதத்தில், முன்வரிசைக்காரர்கள் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார்கள். அதில் நம் ஊரின் பெயர் ஏன் இருந்திருக்கக் கூடாது என்று கேட்டார். திடல் கைதட்டி அதிர்ந்தது. மேயர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கவுன்சில்காரரின் பேனா தாளைத் தொட்டது.

அங்கேயே இறங்கியிருக்கலாம். ஒதீல் கீழேயிருந்து, இறங்குங்கள் என்று கையால் ஜாடைகூடக் காட்டினார்.

ஆனால் முதல் பாகம் முடிந்துவிட்டதே. முப்பது வருடமாக அவர் வாயில் முதல் பாகத்துக்குப் பின்னால் வருவது எதுவோ, அது தானாக வந்தது.

"ஆயினும்" என்றார் சொவாஜோ.

மதாம் திபோ கண்ணை மூடிக்கொண்டார். படித்தவர்கள் எல்லாருக்கும் அந்த ஒரு சொல்லிலேயே அடுத்து வரப்போவது தெரிந்துவிட்டது. பிறகு அவர் இரண்டாம் பாகத்துக்குள் இறங்கினார். முதல் பாகத்தைவிட நன்றாகவே செய்தார், ஏனென்றால் இதில் சொன்னதெல்லாம் உண்மை. கவிஞன் வடக்கத்தியான். அவன் சொல்லும் ஆறு இங்கே இல்லை. அவன் சொல்லும் பனி இங்கே விழுவதில்லை. அவன் காலத்தில் வெர்பிலோ ஒரு சதுப்பு, இங்கே குடியிருந்தவை தவளைகள், பன்றி வளர்த்ததற்குச் சான்று ஒன்றுமில்லை. சபையின் வயது நெடுஞ்சாலையின் வயது. இதைச் சொன்னதும் மேயர் கழுத்திலிருந்த பன்றிமூக்கைக் கையால் பொத்தினார், அது கேட்டுவிடக் கூடாது என்பதுபோல.

மூன்றாம் பாகத்தில், உண்மையும் பொய்யும் பசி என்ற ஒன்றில் எப்படிச் சேர்கின்றன என்று அழகாக ஏதோ சொன்னார். யாரும் கேட்கவில்லை. சாசேஜ் தீய ஆரம்பித்திருந்தது.

கவுன்சில்காரர் பேனாவின் மூடியைத் திருப்பிப் போட்டார். "எனக்கு ஒண்ணும் புரியல, மேயர். இவரு ஆமாங்கறாரா, இல்லைங்கறாரா?"

மேயர் கோதார் பீப்பாய்க்கு அருகில் வந்து, தலையை அண்ணாந்து, கெஞ்சாத குறையாகக் கேட்டார். "பெர்த்ரான் சொவாஜோ அவர்களே, பேழையில இருந்த சாசேஜ் வெர்பிலோ சாசேஜா? ஒரே வார்த்தை. தயவு பண்ணி ஒரே வார்த்தை."

சொவாஜோ வாயைத் திறந்தார். இடைக்கால இலக்கியத்துக்கு அந்த ஊரில் இனி உயிர் உண்டா இல்லையா என்பது அவர் நாக்கு நுனியில் நின்றது. ஆமா என்று சொல்லத்தான் பார்த்தார். நாக்கு எழவில்லை. இல்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. அது எதைச் சார்ந்தது என்றால் என்று தொடங்கினார்.

அப்போது கூட்டத்தில் ஒரு கை உயர்ந்தது. எலும்பும் தோலுமான கை. அது யாருடையது என்று சொவாஜோவுக்குத் தெரியும்.

மதாம் மொபேர் மேடை ஏறினார். பாரிஸ் பேராசிரியர் என்று யாரோ அறிவித்தார்கள். சொவாஜோ பீப்பாயிலிருந்து குனிந்து, ஒரு கிளை வாக்கியமும் இல்லாமல், வாழ்க்கையில் முதல் தடவையாக நேராகக் கேட்டார். "சொலாஞ், வேண்டாம்."

அவர் சொவாஜோவைப் பார்க்கவில்லை. மைக்கை வாங்கி, கவுன்சில்காரரைப் பார்த்தார். "அந்த நாற்காலி இருந்தா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பழைய பிரெஞ்சு நடக்கும்?"

ஆறு மணி நேரம் என்று முன்வரிசையிலிருந்து மதாம் திபோ சொன்னார்.

"வெப்பக் குழாய் வேலை செய்யற அறையா?"

ஆமாம் என்றார்கள்.

மதாம் மொபேர் மேயர் பக்கம் திரும்பினார். "இப்ப உங்க கேள்வியை என்கிட்ட கேளுங்க, முசியே."

மேயர் கேட்டார்.

"ஆமா" என்றார் மதாம் மொபேர்.

அவ்வளவுதான். பாகமும் இல்லை, குறிப்பும் இல்லை. பாரிஸே சொல்லிவிட்ட பிறகு யாருக்கு என்ன சந்தேகம்? திடல் ஆரவாரித்தது. மேயர் திராட்சைக் கொடியால் அந்த அம்மாளின் தோளில் தட்டினார், தட்டிய வேகத்தில் பீப்பாய் மேல் இருந்தவரையும் ஒரு தட்டுத் தட்டிச் சபையில் சேர்த்துவிட்டார். கவுன்சில்காரர் கையெழுத்துப் போட்டார். மதாம் திபோ அதை மை காயும் முன்னே பைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு, யாரும் மனம் மாறுவதற்குள் காரைப் பார்க்க நடந்தார்.

நாற்காலி தப்பித்தது. சொவாஜோ அங்கியை வாரிச் சுருட்டிக்கொண்டு பீப்பாயிலிருந்து இறங்கி, சாசேஜ் வரிசையில் நின்றிருந்த மதாம் மொபேரை மூச்சு வாங்கப் பிடித்தார். சொவாஜோவின் முகம் சிவந்திருந்தது. நன்றி சொல்ல வருகிறார் என்று நினைத்து ஒதீல் கொஞ்சம் விலகி நின்றார்.

"எந்த ஆதாரத்துல அப்படிச் சொன்னீங்க?" என்றார் சொவாஜோ. "ஒரு மேற்கோள் உண்டா? வடக்கத்தியான்னு நான் நிறுவினதை நீங்களே உங்க புத்தகத்துல ஒத்துக்கிட்டிருக்கீங்க. இது ஆராய்ச்சி இல்ல, மதாம், இது கறிக்கடை. நான் இதை எழுத்துல மறுப்பேன்."

"தாராளமா மறுங்க" என்றார் மதாம் மொபேர். "உங்க நாற்காலிக்கு வர்றவங்க அதைப் படிச்சிட்டு உங்களையும் மறுக்கட்டும். அதுக்குத்தானே இவ்வளவு பாடு."

தட்டில் சாசேஜை வாங்கி, கருகிய பக்கத்தைக் கத்தியால் சுரண்டிவிட்டு ஒரு துண்டு வாயில் போட்டார். மென்றார். முகம் கோணியது, ஆனால் விழுங்கிவிட்டார். தட்டைச் சொவாஜோ பக்கம் நகர்த்தினார். அவர் அதையும் பார்த்தார், அந்த அம்மாளையும் பார்த்தார். பிறகு போய் இருவருக்குமாகக் கடுகுச் சாந்து எடுத்துவந்தார், நிறைய.